இரண்டு அடித் தொட்டியும் ஒரு மீட்டர் மீனும்

கேள்வி: சென்ற ஆண்டு முதன்முதலாக ஒரு மீன்தொட்டி வாங்கினோம். நீளம் இரண்டு அடி, அகலமும் உயரமும் ஒவ்வோர் அடி. நியான் டெட்ரா எட்டு, சில்வர் ஷார்க் மூன்று, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தந்த சக்கர் மீன் ஒன்று ஆகியவற்றை விட்டோம். நான்கு மாதங்களுக்கு முன் சிவப்பு வால் கொண்ட கெளுத்திக் குஞ்சு ஒன்றையும் சேர்த்தோம். அப்போது அது ஆள்காட்டி விரல் நீளம்தான் இருந்தது. இப்போது 24 செ.மீ. சக்கர் மீன் 5 செ.மீ.யிலிருந்து 17 செ.மீ. ஆகிவிட்டது. சில்வர் ஷார்க் ஒவ்வொன்றும் 14 செ.மீ. இருக்கும். டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் மீன் வளரும் என்று விற்றவர் சொன்னார். தீவனத்தைக் குறைத்தால் வளர்ச்சி நிற்குமா? மூன்று அடித் தொட்டி வாங்கினால் போதுமா? எதுவும் முடியாவிட்டால் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா? சென்ற மாதம் நாற்றம் வந்ததால் பாதி நீரை மாற்றினோம். அன்றிரவே எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அதிலிருந்து நீர் மாற்றவே பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் தொட்டியின் அளவைச் சென்டிமீட்டரில் எழுதினால் ஏறத்தாழ 60 × 30 × 30, விளிம்புவரை நிரப்பினாலும் 54 லிட்டருக்கு மேல் கொள்ளாது, கூழாங்கல்லும் அலங்காரமும் போக நீர் இன்னும் குறைவுதான். இப்போது அதில் இருக்கும் மூன்று வகை மீன்களில் ஒன்றுகூட அந்த நீரில் முழு வளர்ச்சி அடைந்து வாழ முடியாது. அந்த மூன்றிலும் கெளுத்தியின் நிலை தனியானது. அதற்கு உங்கள் தொட்டி மட்டுமன்று, பெரும்பாலான வீடுகளில் வைக்கக்கூடிய எந்தக் கண்ணாடித் தொட்டியுமே போதாது. ஆகவே அதற்கு வேறிடம் தேடுவதை இந்த வாரமே தொடங்க வேண்டும். மற்றவற்றுக்குச் சிறிது அவகாசம் இருக்கிறது.

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது செவ்வால் கெளுத்தி, ஆங்கிலப் பெயரில் ரெட் டெயில் கேட்ஃபிஷ். அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த இந்த மீன் ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. நல்ல தீவனம் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே அரை மீட்டரை எட்டிவிடும் என்பதால், நான்கு மாதங்களில் 24 செ.மீ. என்பதில் வியப்பில்லை. தொட்டியின் அகலம் 30 செ.மீ. மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றிரவு அது திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள். முதுகை வளைத்து, மீசையை முன் கண்ணாடியில் உரசி, வாலைப் பின் கண்ணாடியில் தட்டித்தான் அதனால் திசை மாற முடியும். இன்னும் சில வாரங்கள் சென்றால் அதுவும் இயலாது.

டெட்ராக்கள் எங்கே போயின என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. செவ்வால் கெளுத்தி இருளில் இரை தேடும் மீன். வாய்க்குள் அடங்குவது எதுவாக இருந்தாலும் அதை இரையாகவே கொள்ளும். அதன் வாய் ஏறக்குறைய தலையின் அகலத்துக்கு விரியக்கூடியது. விளக்கை அணைத்த பிறகு கீழ்மட்டத்தில் மிதந்து ஓய்வெடுக்கும் நான்கு செ.மீ. டெட்ராவை விழுங்க அதற்கு ஒரு நொடி போதும். அடுத்த முறை சில்வர் ஷார்க்குகளுக்கு வரும். இந்த வகை மீன்கள் கூழாங்கற்களையும், வெப்பமூட்டியைக் கண்ணாடியில் பிடித்து வைக்கும் ரப்பர் உறிஞ்சிகளையும்கூட விழுங்கிவிடுவதுண்டு என்பதால், அது வெளியேறும்வரை தளர்வாக இருக்கும் சிறு பொருள்களைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சில்வர் ஷார்க்கைப் பொறுத்தவரை, பெயரில் சுறா இருந்தாலும் அது கெண்டைக் குடும்பத்து மீன்தான். சுமாத்ரா, போர்னியோ தீவுகளின் ஆறுகளில் கூட்டமாக நீந்தி வாழ்வது. முழு வளர்ச்சியில் 35 செ.மீ. வரை வரும். இதன் சிக்கல் நீளத்தோடு முடிவதில்லை. ஓயாமல் நீந்தும் இயல்பும் மிரளும் இயல்பும் ஒருங்கே கொண்ட மீன் இது. யாராவது சட்டென்று விளக்கைப் போட்டாலோ கதவை ஓங்கிச் சாத்தினாலோ ஒரே பாய்ச்சலில் எதிர்க் கண்ணாடியில் மோதும். மூடி இல்லாவிட்டால் தரையில் விழும். மூக்கு நுனி சிவந்திருக்கிறதா, செதில்கள் உதிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இடநெருக்கடி தொடங்கிவிட்டது என்று பொருள். ஐந்தாறு மீன்களாகச் சேர்த்து, 180 × 60 × 60 செ.மீ. அளவுள்ள தொட்டியில் வளர்ப்பவருக்கு இது மிக அழகான மீன். இரண்டு அடித் தொட்டிக்கு இதை விற்கவே கூடாது என்பது என் கருத்து.

சக்கர் மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மற்ற மீன்களை அழகுக்காக வாங்குகிறோம். இதை மட்டும் ஒரு வேலையாளைப் போல, தொட்டியைத் துடைத்து வைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கவசக் கெளுத்தி 30 முதல் 45 செ.மீ. வரை வளரும், நன்கு பராமரித்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். குஞ்சுப் பருவத்தில் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் வளர வளர அந்த ஆர்வம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீவனத்தையே நாடும். பசி மிகுந்தால் தட்டையான உடல் கொண்ட மெதுவான மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் வழுவழுப்புப் படலத்தையே சுரண்டுவதும் உண்டு. தொட்டியின் அடியில் நூல்நூலாகக் கிடக்கும் பழுப்பு நிறக் கழிவில் பெரும்பங்கு அதனுடையதுதான். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்று கிடையாது. பாசி அதிகம் வந்தால் விளக்கு எரியும் நேரத்தை ஏழெட்டு மணி நேரமாகக் குறைத்து, மிஞ்சும் தீவனத்தை அகற்றி, கண்ணாடியை வாரம் ஒருமுறை பஞ்சால் துடைத்தால் போதுமானது.

இனி விற்றவர் உங்களிடம் சொன்னதற்கு வருகிறேன். தொட்டியின் அளவுக்கேற்ப மீன் வளரும் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் இருக்கிறது, அது முற்றிலும் ஆதாரமில்லாமல் எழுந்ததும் அன்று. நெருக்கடியான, கழிவு மிகுந்த நீரில் மீனின் வளர்ச்சி வேகம் உண்மையாகவே குறையும். குறைவதற்குக் காரணம் இடத்தை அளந்து பார்த்து உடல் தன்னைச் சுருக்கிக்கொள்வதன்று. கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் மிகுந்த நீர், ஆக்சிஜன் பற்றாக்குறை, நீந்த இடமின்மை, இடைவிடாத மன அழுத்தம் ஆகியவை சேர்ந்து உடல்நலத்தைக் கெடுப்பதுதான். அப்படி வளர்ச்சி குன்றிய மீனின் தலைக்குக் கண் பெரிதாகத் தெரியும், முதுகெலும்பு வளைந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், நோய் எளிதில் தொற்றும். உடல் நின்றுவிட உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்துகொண்டே போகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அவ்வளவு தூரம் கற்பனை செய்யத் தேவையில்லை, நடப்பதே போதிய கொடுமை.

இந்த நம்பிக்கை இன்னும் அழியாமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கண்ணாடிக் குடுவையில் வளரும் தங்கமீனை நாம் சிறிய மீன் என்று நினைக்கிறோம். உடல் நீண்ட சாதாரணத் தங்கமீன் குளத்தில் 25 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்து, பத்து ஆண்டுகளையும் தாண்டி வாழக்கூடியது. குடுவையில் அது ஓரிரு ஆண்டுகளில், விரல் நீளத்தில் இருக்கும்போதே இறந்துவிடுகிறது. பெரிதாகாத மீன் என்று பலர் சான்று காட்டுவது பெரும்பாலும் பெரிதாவதற்கு முன்பே இறந்த மீனைத்தான். விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அவரிடம் இருப்பவை எல்லாமே ஐந்து முதல் எட்டு செ.மீ. குஞ்சுகள், முழு வளர்ச்சி அடைந்த மீனை அவரே பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு.

நீளத்தை மட்டும் பார்ப்பதால் இன்னொரு கணக்கும் தவறிப்போகிறது. உடல் வடிவம் மாறாமல் ஒரு மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும். உங்கள் சக்கர் மீன் 5 செ.மீ.யிலிருந்து 17 செ.மீ. ஆனபோது நீளம் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடியது, எடையோ ஏறத்தாழ நாற்பது மடங்காகிவிட்டது. உண்ணும் தீவனமும் வெளியேறும் கழிவும் எடையோடு சேர்ந்தே உயர்கின்றன. எனவே ஒரு சென்டிமீட்டர் மீனுக்கு ஒரு லிட்டர் நீர் என்று பரவலாகச் சொல்லப்படும் விதி டெட்ரா, கப்பி போன்ற சிறிய மீன்களுக்கு ஓரளவு பொருந்தினாலும், கைநீள மீன்களுக்கு அறவே பொருந்தாது. முப்பது செ.மீ. மீன் ஒன்றும் மூன்று செ.மீ. மீன்கள் பத்தும் நீருக்குத் தரும் சுமை ஒன்றே என்று அந்த விதி சொல்கிறது; உண்மையில் பெரிய மீன் ஒன்றின் எடை அந்தப் பத்தின் மொத்த எடையைப்போல் நூறு மடங்கு இருக்கும்.

தீவனத்தைக் குறைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டினி போட்டால் வளர்ச்சி மெதுவாகும், ஆனால் நிற்காது. மீன் மெலியும், நோய்க்கு ஆளாகும், கெளுத்தியாக இருந்தால் அருகில் நீந்துபவற்றை விழுங்கும் வேகம் கூடும். அதே சமயம் அளவுக்கு மீறிப் போடுவதும் வேண்டாம். கெளுத்திக்கு இப்போதைய வயதில் இரண்டு நாள்களுக்கு ஒருமுறை, அமிழும் தீவனத்தை வயிறு லேசாகப் புடைக்கும் அளவுக்கு மட்டும் கொடுத்தால் போதும். கோழி இறைச்சி, ஈரல் போன்றவற்றை அதற்குப் பழக்க வேண்டாம்.

நீர் மாற்றிய இரவில் நடந்ததைப் பலரும் எனக்கு எழுதுகிறார்கள். புதுநீர்தான் மீனைக் கொல்கிறது என்று முடிவு கட்டி, பிறகு மாதக்கணக்கில் நீரையே மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். நடப்பது இதுதான். மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றம் நடக்கும்போது அமிலம் உண்டாகி, அந்த அமிலத்தை ஈடுகட்டும், நீரிலுள்ள கார்பனேட் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகிறது. பெரிய மீன்கள் நிறைந்த சிறிய தொட்டியில் நீர் மாற்றாமல் விட்டால் இந்தத் தேய்மானம் விரைவாக நடந்து, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு ஆறுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த அமில நீரில் பாக்டீரியாக்கள் சரிவர இயங்குவதில்லை என்பதால் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். ஆனால் அது பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்த அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீன்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன. அப்படிப்பட்ட தொட்டியில் ஒரே நேரத்தில் பாதி நீரை மாற்றினால் பி.ஹெச். சட்டென்று 7-ஐத் தாண்டுகிறது. சேர்ந்திருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நச்சான அம்மோனியாவாக மாறுகிறது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குழாய்நீரிலுள்ள குளோரினை நீக்காமல் ஊற்றியிருந்தால் அதுவும் செவுள்களை எரித்திருக்கும்.

அதற்காக நீர் மாற்றாமல் இருந்தால் நிலைமை மேலும் மோசமாகும். முதலில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச். நான்கையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; புதுத் தொட்டிக்கு முன்னால் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான். முதல் வாரத்தில் நாள்தோறும் ஐந்து லிட்டர் அளவுக்கு, அதாவது பத்தில் ஒரு பங்கு மட்டும், குளோரின் நீக்கிய, ஏறத்தாழ அதே வெப்பநிலையுள்ள நீரை மெதுவாக ஊற்றுங்கள். தொட்டி நீரின் பி.ஹெச். குழாய்நீரின் அளவை நெருங்கிய பிறகு, வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கி.க்குக் கீழே நிற்க வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசிப் பிழிந்து வைத்தால் போதும்.

மூன்று அடித் தொட்டி, அதாவது 90 × 45 × 45 செ.மீ., ஏறத்தாழ 180 லிட்டர் கொள்ளும். அது உங்கள் மீன்களுக்குச் சில மாதங்களை வாங்கித் தரும், அதற்குமேல் எதையும் தராது. அந்தச் சில மாதங்களுக்குப் பிறகு இதே கேள்வியை இன்னும் பெரிய மீன்களோடு கேட்க வேண்டியிருக்கும். சில்வர் ஷார்க்குகளையும் சக்கர் மீனையும் வைத்துக்கொள்ளத்தான் விருப்பம் என்றால் நடுவில் நிற்காமல் நேராக ஆறு அடித் தொட்டிக்குச் செல்லுங்கள். நான் முன்பு சொன்ன 180 × 60 × 60 அளவு 648 லிட்டர் கொள்ளும். அதில் நீரின் எடை மட்டுமே 648 கிலோ, கண்ணாடியும் மணலும் தாங்கும் மேசையும் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டிவிடும். மாடி வீடாக இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் அதை வைக்கக் கூடாது. வாரந்தோறும் இருநூறு லிட்டர் நீரை எடுத்து ஊற்றும் வேலையும் உண்டு. இவ்வளவையும் மகிழ்ச்சியாகச் செய்யக்கூடியவர் என்றால் தயங்காமல் செய்யுங்கள், அந்தத் தொட்டி காண்பதற்கு அருமையாக இருக்கும். முதல் ஆண்டிலேயே இந்தச் சுமை வேண்டாம் என்று தோன்றினால் மூன்று வகைகளையும் கொடுத்துவிடுவதே நேர்மையான வழி.

ஏரியில் விடுவதைப் பற்றி எழுதியதை மட்டும் அடியோடு மறந்துவிடுங்கள். சக்கர் மீன் இன்று மெக்சிகோ, அமெரிக்காவின் ஃபுளோரிடா, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசியாவின் பல நீர்நிலைகள் என எங்கெங்கோ பெருகிக் கிடப்பதற்குக் காரணமே, தொட்டியில் அடங்காத மீனை யாரோ எங்கோ விட்டதும் பண்ணைகளிலிருந்து தப்பியதும்தான். ஆண் மீன்கள் முட்டைக்காகக் கரைகளில் நீண்ட வளைகளைத் தோண்டுவதால் கரைகள் சரிகின்றன. கவசம் போன்ற உடலை விழுங்க உள்ளூர் இரைகொல்லிகள் தயங்குகின்றன. வயிற்றின் வழியாகக் காற்றைச் சுவாசிக்கும் திறன் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் அது பிழைத்துக்கொள்கிறது. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் உண்ணும் மீனுக்காக விரித்த வலைகளில் இதுவே குவிந்து, அவர்களுடைய தொழிலே நலிந்தது. செவ்வால் கெளுத்தியோ வாழும் இடத்தின் சிறு மீன்களையெல்லாம் இரையாக்கும். தொட்டியிலிருந்து நோய்க்கிருமிகள் ஏரிக்குச் செல்வது வேறு. பல நாடுகளில் அயல் மீன்களை நீர்நிலையில் விடுவது சட்டப்படி குற்றமும்கூட.

வேறிடம் தேடும்போது மீன் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் ஆள் கிடைப்பார். 17 செ.மீ. சக்கர் மீனை வாங்கிக்கொள்ளப் பெரிய தொட்டியோ குளமோ வைத்திருக்கும் ஆர்வலர்கள் முன்வருவார்கள், 40 செ.மீ. ஆன பிறகு யாரும் தொடமாட்டார்கள். வாங்கிய இடத்திலேயே முதலில் கேளுங்கள், பணம் திரும்ப வராவிட்டாலும் மீனை ஏற்றுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கெளுத்தியைப் பொறுத்தவரை, பொதுக் காட்சியகங்கள் எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். இப்படிக் கைவிடப்பட்ட மீன்கள் அவற்றிடம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பெரும்பாலும் மறுத்துவிடும். சில ஆயிரம் லிட்டர் கொள்ளும் வெப்பமண்டலக் குளம் உள்ள தனியார் எவரையேனும் மீன் வளர்ப்போர் சங்கங்கள் வழியாகத் தேடுங்கள். ஒப்படைக்கும் முன் அவருடைய குளத்தையோ தொட்டியையோ நேரில் பாருங்கள். நான்கு அடித் தொட்டியைக் காட்டி எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கொடுப்பது உங்கள் சிக்கலை அவருக்கு மாற்றுவது மட்டுமே. எங்கும் இடம் கிடைக்காமல் மீன் துன்பப்படும் நிலை வந்தால், மீன்களைப் பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் வலியில்லாத முடிவைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. கழிப்பறையில் விடுவதும், நீரிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவதும் கூடாது.

கெளுத்தியையும் சக்கர் மீனையும் கைவலையால் பிடிக்காதீர்கள். அவற்றின் மார்புத் துடுப்பு முட்கள் விறைத்து வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டால், வலையை வெட்டித்தான் எடுக்க நேரும். அவசரத்தில் இழுத்தால் முள் ஒடியும், உங்கள் கையும் கிழியும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே அமிழ்த்தி, மீனை மெல்ல அதற்குள் ஓட்டி, நீரோடு சேர்த்துத் தூக்குங்கள். முந்தைய நாள் தீவனம் வேண்டாம். பெட்டிக்குள் இருளாக இருந்தால் சில்வர் ஷார்க்குகளும் மிரளாமல் இருக்கும்.

பெரிய மீன்கள் போன பிறகு தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள், வடிகட்டியும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அந்த 54 லிட்டர் சிறியவற்றுக்கு நல்ல வீடு. நியான் டெட்ரா பத்து, ஐந்து செ.மீ.யைத் தாண்டாத தேன் கொராமி ஒரு ஜோடி, பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு மூன்று என்று வைத்தால் அதுவே போதும்; மீண்டும் ஒரு சக்கர் மீனுக்கு ஆசைப்பட்டால், 12 முதல் 15 செ.மீ.யில் நின்றுவிடும் பிரிஸ்ல்நோஸ் வகைக்குக்கூட இதைவிட இரு மடங்கு நீர் வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். டெட்ராக்களை ஒரே நாளில் விடாமல் ஐந்தைந்தாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள். பெரிய மீன்கள் வெளியேறியதும் கழிவு குறைந்து பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அம்மோனியாவைச் சோதித்து, சுழியமாக இருந்தால் மட்டும் அடுத்த ஐந்தை வாங்கி வாருங்கள்.